“கேஸ் போயிடுச்சு, காயில் மாத்தணும்” என்று சொல்லும் ஏசி மெக்கானிக்கை நம்பலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். திருவான்மியூரில் மூன்றாவது மாடி வீடு. நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, ஆர்-32 கேஸ். போன மே மாதம் குளிர் குறைந்து கேஸ் போட்டீர்கள். இந்த மார்ச்சில் மறுபடியும் அதே பிரச்சினை. வந்த மெக்கானிக், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்து, பத்தே நிமிடத்தில், “கேஸ் போயிடுச்சு, உள்ளே காயில் லீக். மாத்தினா 14,000. இல்லேன்னா இப்போதைக்கு 3,500-க்கு கேஸ் போட்டு சீசனை ஓட்டிடலாம். என்னைக் கேட்டா புதுசே வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஏசியில் கேஸ் தானாகக் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி, இந்த ஆள் சொல்வதை நம்பிப் பணத்தை எடுத்து வைக்கலாமா என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலைப் படித்து, கம்பெனி சர்வீஸிலும் அப்புறம் தனியாகவும் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆள் நேர்மையானவரா என்று முகத்தைப் பார்த்து எடை போடுவதில் பயனில்லை. அவர் சொல்லும் முடிவுக்குப் பின்னால் ஓர் அளவீடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் எழுதிய விவரத்தில் அது இல்லை. அவர் சொன்னது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை உறுதிப்படுத்தும் சோதனையை அவர் இன்னும் செய்யவில்லை.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏசிக்குள் இருக்கும் கேஸ் செலவாகித் தீரும் பொருள் அல்ல. கம்ப்ரஸர், வெளியே ஒரு காயில் (வளைத்து மடித்த குழாய்த் தொகுதி), உள்ளே ஒரு காயில், இரண்டையும் சேர்க்கும் செம்புக் குழாய்கள், எல்லாம் சேர்ந்து முழுக்க மூடிய ஒரே சுற்று. அதற்குள் அதே கேஸ் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் நடப்பது இதுதான். அதற்கு யாரும் வருடா வருடம் கேஸ் போடுவதில்லை. ஆகவே “ரெண்டு வருஷம் ஆனா கேஸ் குறையத்தான் செய்யும்” என்று யார் சொன்னாலும் அது தவறு. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. இந்த இடத்தில் உங்கள் மெக்கானிக் பேசியது சரி. போன வருடம் போட்ட கேஸ் இந்த வருடம் இல்லையென்றால் லீக் என்றுதான் யோசிக்க வேண்டும்.

அதே காரணத்தால் அவருடைய இரண்டாவது யோசனையை நிச்சயமாக மறுக்கலாம். கசிவை அடைக்காமல் 3,500 ரூபாய்க்கு கேஸ் போடுவது, அந்தப் பணத்தைக் காற்றில் விடுவது. அதோடு முடிவதில்லை. கேஸ் குறைவாக ஓடும் கம்ப்ரஸர் அளவுக்கு மீறிச் சூடாகும்; அதன் வழியே ஓடும் கேஸும், கேஸோடு கலந்து சுற்றிவரும் எண்ணெயும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. இரண்டும் குறைந்தபடி ஒரு கோடை முழுக்க ஓட்டினால், இன்று காயிலோடு போகும் செலவு நாளை கம்ப்ரஸர் வரை போகலாம். அதனால் இந்த விஷயம் தெளிவாகும்வரை ஏசியை ஓட்டாதீர்கள். வேண்டுமானால் ஃபேன் மோடில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. முதல் சந்தேகம், போன மே மாதம் கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்ததா என்பது. பெரும்பாலும் அன்று வந்தவர் சர்வீஸும் செய்து கேஸும் போட்டிருப்பார். குளிர் திரும்பியது கேஸ் போட்டதாலா, அழுக்கு போனதாலா? இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால் யாராலும் சொல்ல முடியாது. இந்த வருடமும் உங்கள் மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் நேராக கேஜை மாட்டியிருக்கிறார் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

கேஜ் என்ன காட்டும், என்ன காட்டாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாற்றுவதும் ஏமாறுவதும் அதிகம் நடப்பது இங்கேதான். ஏசி ஓடாமல் நிற்கும்போது கேஜை மாட்டினால் வரும் எண், கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. வெயில் 30 டிகிரி என்றால் ஆர்-32 இயந்திரம் நின்ற நிலையில் சுமார் 265 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டும். உள்ளே இருக்கவேண்டிய கேஸில் ஒரு பங்கு வெளியேறியிருந்தாலும், கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அதே 265தான். அந்த எண் வெப்பநிலையைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. ஓடும்போது பார்த்தால் ஆர்-32-க்கும் ஆர்-410ஏ-க்கும் பொதுவாக 110 முதல் 140 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், பழைய ஆர்-22 என்றால் 60, 70. ஆனால் உங்களுடையது இன்வெர்ட்டர். கம்ப்ரஸர் வேகத்தை அதுவே கூட்டும், குறைக்கும். மெதுவாக ஓடும்போது இந்த அழுத்தம் ஏறும், வேகமாக ஓடும்போது இறங்கும். முழு வேகத்தில் ஓடவைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்க்காத அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வந்து பத்தே நிமிடத்தில் அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார் என்றால், அந்தப் பொறுமைக்கு நேரம் இருந்திருக்காது.

இன்னொன்று. உள்ளே காற்று சரியாக ஓடாவிட்டாலும் கேஜில் அழுத்தம் குறைவாகவே காட்டும், அப்படியே கேஸ் குறைந்தது போல. ஃபில்டரைக் கழுவிவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். ஃபில்டர் சுத்தமாக இருந்து, அதற்குப் பின்னால் இருக்கும் புளோயர் அடைத்துக் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எம்.சி.பி.யை (ஏசிக்கு மின்சாரம் போகும் சுவிட்சை) இறக்கிவிட்டு, காற்று வரும் வாயில் இருக்கும் மடலைக் கையால் மெதுவாகத் திறந்து, போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். நீளமான உருளை ஒன்று தெரியும். அதன் மெல்லிய இலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. இலைகளுக்கு நடுவே கறுப்பாக, ஈரக் கம்பளி ஒட்டியது போல அழுக்கு அடைந்திருந்தால், அந்த ஏசி பாதிக் காற்றைக்கூடத் தள்ளவில்லை என்று அர்த்தம். கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் இது சீக்கிரம் சேரும். அந்த நிலையில் கேஜ் மாட்டி வரும் எண்ணை நம்பி கேஸ் ஏற்றினால், அளவுக்கு மேல் கேஸ் ஏறிவிடும். அது தனிப் பிரச்சினை. முதலில் வாட்டர் சர்வீஸ் (தண்ணீர் அடித்துக் கழுவுவது), அப்புறம்தான் கேஜ். இந்த வரிசையை மாற்றுகிறவரின் முடிவை நான் ஏற்கமாட்டேன்.

கேஜுக்கு வெளியே இன்னும் மூன்று சாட்சிகள் உண்டு, அவற்றில் இரண்டை நீங்களே விசாரிக்கலாம். ஜன்னல், கதவை மூடி, 18 டிகிரியில் வைத்து, ஃபேனை அதிகத்தில் விட்டு, கால் மணி நேரம் கழித்து, மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும் கீழே குளிர்காற்று வரும் இடத்திலும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் பெருமளவு தன் வேலையைச் செய்கிறது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் கொஞ்சம் குறையலாம். மூன்று, நான்கு டிகிரிதான் வருகிறது என்றால் கோளாறு உண்மை. இந்தக் கால் மணி நேர ஓட்டத்தால் கெடுதல் வராது. இரண்டாவது, அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் சேரும் இரண்டு செம்புக் குழாய்கள். தடிமனான குழாய் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். மெல்லியதில் மட்டும் பனி படர்ந்து, தடிமனானது வறண்டு கிடந்தால் கேஸ் குறைவுக்கு அது வலுவான அறிகுறி. அறிகுறி என்றுதான் சொல்கிறேன். உள்ளே அடைப்பு இருந்தாலும் இப்படி வரலாம். உங்கள் அவுட்டோர் வெளிச்சுவரில் தொங்குகிறது என்றால் நீங்கள் எட்டிப் பார்க்கவே வேண்டாம், மெக்கானிக்கை போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி அவர் பார்க்கவேண்டிய ஆம்பியர். கேஸ் குறைந்தால் முழு வேகத்திலும் ஆம்பியர் குறைவாக இருக்கும். அவுட்டோர் காயில் அழுக்கடைந்தால் ஆம்பியரும் அழுத்தமும் ஏறும். எவ்வளவு இருக்கவேண்டும் என்பது அவுட்டோரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. அழுத்தம், வெப்பநிலை வித்தியாசம், ஆம்பியர், மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் கேஸ் குறைவு என்பதை நானும் ஏற்றுக்கொள்வேன்.

சரி, கேஸ் குறைவு உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கசிவு காயிலில்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதுதான் 14,000 ரூபாய்க் கேள்வி. என் அனுபவத்தில் முதலில் சந்தேகப்படவேண்டியது பிளேர் இணைப்புகளைத்தான், அதாவது குழாயின் வாயை விரித்து பிளேர் நட் போட்டு இறுக்கிய இடங்களைத்தான். இண்டோருக்குப் பின்னால் இரண்டு, அவுட்டோரில் இரண்டு. அங்கே கசிந்தால் கேஸோடு எண்ணெயும் கொஞ்சம் வெளிவந்து, அதில் தூசி ஒட்டி, நட்டைச் சுற்றிப் பிசுபிசுப்பாக ஒரு கறை தெரியும். சோப்பு நுரையைத் தடவினால் சின்னக் குமிழ்கள் கிளம்பும். அப்படியென்றால் நட்டைக் கழற்றி, குழாயின் வாயைப் புதிதாக விரித்து மறுபடி இறுக்கினால் போதும். காயில் விலையோடு பார்த்தால் அது மிகச் சிறிய வேலை.

பிளேர் இணைப்புகள் சுத்தமாக இருந்தால் அடுத்தது நைட்ரஜன். அவுட்டோரின் இரண்டு வால்வையும் அடைத்துவிட்டு, இண்டோருக்கும் குழாய்க்கும் மட்டும் 300, 400 பி.எஸ்.ஐ. அளவில் நைட்ரஜன் ஏற்றி விட்டுவைப்பார்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் முள் இறங்கினால் கசிவு இந்தப் பக்கம். இறங்கவில்லையென்றால் இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். ஒரு வருடமாக மெல்லக் கசியும் ஓட்டை அரை மணியில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. இண்டோரைத் தனியே பிரித்து அழுத்தம் ஏற்றித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்தால்தான் காயில் என்று அடித்துச் சொல்லலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இந்தச் சோதனைக்கு நைட்ரஜன்தான். வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து ஏற்றுகிறவர் எவராக இருந்தாலும் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரஸர் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

இதையெல்லாம் சொன்னாலும், காயில் என்ற அவருடைய ஊகம் அபத்தமல்ல. செம்புக் காயிலில் எறும்புப் புற்று போல உள்ளுக்குள்ளேயே கிளைவிட்டு அரிக்கும் ஒருவகை அரிப்பு உண்டு. வீட்டுக்குள் பிளைவுட் பசை, பெயின்ட், துப்புரவுத் திரவங்கள் முதலானவற்றிலிருந்து வரும் ஆவியில் உண்டாகும் ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்கள் ஈரத்தோடு செம்பில் படிவதால் வருவது அது. கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகளாக விழும். மூன்று, நான்கு வருட ஏசியிலேயே வரும். நான்கு வருடத்துக்குள் வீட்டில் புதிதாக மரவேலையோ பெயின்ட் வேலையோ நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி அரித்த காயிலை ஒரு இடத்தில் பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொரு துளை விழும்; மாற்றுவதுதான் சரி. வளைவுப் பகுதியில் ஒரே ஒரு இடத்தில் கசிகிறது என்றால் பற்றவைத்துப் பிழைக்கலாம். அலுமினியக் காயில் என்றால் பழுது பார்ப்பது கடினம். கடல் உப்பு பெரும்பாலும் தாக்குவது வெளியே இருக்கும் காயிலை, அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். “புளூ கோட்டிங் காயில் போட்டா அரிக்காது” என்று சொல்லி விற்பார்கள். அந்த நீலப் பூச்சு இருப்பது அலுமினியத் தகடுகளின் மேல். செம்புக் குழாயை இந்த எறும்புப்புற்று அரிப்பிலிருந்து அது காக்காது.

அவர் ஏன் இதையெல்லாம் செய்யவில்லை? மோசடி என்று நான் முதலில் நினைக்கமாட்டேன். மார்ச் முதல் ஜூன் வரை ஒரு மெக்கானிக் காலையிலிருந்து இரவு வரை வீடு வீடாக ஓடுகிறார். நைட்ரஜன் சிலிண்டரை மூன்றாவது மாடிக்குத் தூக்கிவந்து, வெளிச்சுவரில் சன்ஷேடு மேல் இறங்கி, இடுப்பில் கயிறு கூட இல்லாமல் அவுட்டோரைத் தொட வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைக்கும் விசிட் சார்ஜ் சில நூறு ரூபாய். சோதனைக்கு நாம் பணம் கொடுப்பதில்லை; பொருளுக்கும் கேஸுக்கும்தான் கொடுக்கிறோம். அப்படியிருக்க, சோதிக்காமல் பொருளை மாற்றச் சொல்லும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. கம்பெனி சர்வீஸ் ஆட்களும் இதற்கு விலக்கு இல்லை. அவர்களில் பலருக்கு ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எத்தனை விற்றாய், ஸ்பேர் எத்தனை விற்றாய் என்று மாதக் கணக்கு இருக்கும். யூனிஃபார்ம் போட்டிருப்பதும் ஆப்பில் நட்சத்திரம் வாங்கியிருப்பதும் சோதனை நடந்ததற்குச் சான்று ஆகாது. பேச்சு கரடுமுரடாக இருப்பதும் ஏமாற்றுக்கு அடையாளம் அல்ல.

எனவே என் யோசனை இது: அவரையே திரும்பக் கூப்பிடுங்கள். “அண்ணே, காயில் வேலையைப் பேசுறதுக்கு முன்னாடி லீக் டெஸ்ட் பண்ணிடுங்க. டெஸ்டுக்குத் தனியா எவ்வளவு ஆகும் சொல்லுங்க, காயில் மாத்தினாலும் மாத்தாட்டியும் அதை நான் கொடுத்துடுறேன்” என்று சொல்லுங்கள். பாதுகாப்பாக வேலை செய்ய இன்னொரு ஆளும் பெல்ட்டும் வேண்டுமென்றால் அதற்கும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். “அதெல்லாம் தேவையில்ல, நான் பார்த்தா தெரியும்” என்று தட்டிக்கழித்தால், அல்லது இன்றைக்கே முடிவு சொன்னால்தான் இந்த விலை என்று அவசரப்படுத்தினால், வேறு ஆளைப் பாருங்கள். ரெண்டாவது ஆளிடம் முதல் ஆள் சொன்னதைச் சொல்லிவிடாதீர்கள். குளிர் வரவில்லை என்று மட்டும் சொல்லி, அவராக எங்கே போய் நிற்கிறார் என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால், பில்லையும் வாரண்டி அட்டையையும் எடுத்து வையுங்கள். இங்கே விற்கும் இன்வெர்ட்டர் ஏசிகள் பலவற்றில் கம்ப்ரஸருக்கு 10 வருட வாரண்டி இருக்கும். காயிலுக்கும் மின்னணு போர்டுக்கும் மாடலைப் பொறுத்து மாறும். காயிலுக்கு வாரண்டி இருந்தால் வெளியாள் கை வைப்பதற்கு முன் கம்பெனியைக் கூப்பிடுவது நல்லது. இல்லாவிட்டாலும், மாடல் எண்ணைச் சொல்லி காயிலின் விலையை மட்டும் விசாரியுங்கள். 14,000 நியாயமா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அதில் காயில் எவ்வளவு, கேஸ் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்கினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

காயில் மாற்றுவதாக முடிவானால், பொருத்தியபின் மூன்று விஷயங்கள் உங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும். மறுபடி நைட்ரஜன் ஏற்றிக் கசிவில்லை என்று பார்ப்பது. வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது. கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவது ஆர்-32-இல் கூடவே கூடாது, அது எளிதில் இல்லாவிட்டாலும் தீப்பிடிக்கக் கூடிய கேஸ். கடைசியாக, சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராம் ஏற்றுவது. சிலிண்டரின் மேல் ஆர்-32 என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 410ஏ-யும் 22-உம் இதற்கு ஆகாது. தராசு கொண்டுவராமல் கேஜைப் பார்த்தே கேஸ் போடுகிறேன் என்பவரிடம் இன்வெர்ட்டர் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். பழைய காயிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

புது ஏசி என்ற அவருடைய மூன்றாவது யோசனை பற்றி: நான்கு வருடம்தான் ஆகிறது, கம்ப்ரஸர் நன்றாக ஓடுகிறது என்றால் நான் பழுது பார்ப்பேன். உள்காயில், வெளிக்காயில் இரண்டிலும் கசிவு என்று சோதனையில் தெரிந்தால் புதியது வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஒருவேளை இரண்டாவதாக வருபவர் “கம்ப்ரஸரே போச்சு” என்றால் அதற்கும் அளவீடு கேளுங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரஸரின் மூன்று முனைகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் மூன்று ஜோடியிலும் ஒரே ஓம்ஸ் வர வேண்டும், பாடிக்கும் முனைக்கும் நடுவே எதுவும் வரக்கூடாது. இது சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் சந்தேகம் முதலில் அவுட்டோர் போர்டின் மேல்தான் போக வேண்டும். பல்லி ஏறிக் கருகிய போர்டுக்காகக் கம்ப்ரஸர் மேல் பழி விழுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

இயந்திரத்தை நேரில் பார்க்காமல் இதற்குமேல் சொல்வது ஊகமாகிவிடும். சர்வீஸ் முடிந்தபின் எடுத்த அழுத்தம், இரண்டு இடத்து வெப்பநிலை, ஆம்பியர், பிளேர் நட்டுகளின் படம், ஸ்டிக்கரின் படம், இவை கையில் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள். பார்த்துவிட்டு காயிலை மாற்றலாமா வேண்டாமா என்று என் கருத்தைச் சொல்கிறேன்.